ஒரு விமானம் எப்போது கிழடாகிறது?

2022 நவம்பரில் கொல்லத்தை அடுத்த சவறாவில் தேசிய நெடுஞ்சாலை ஒருநாள் அடைத்துக்கொண்டு நின்றது. ஜாதா இல்லை, ஹர்த்தால் இல்லை. டிரெய்லரில் ஒரு விமானம். திருவனந்தபுரத்தில் 2018 முதல் பறக்காமல் நின்ற ஏர் இந்தியாவின் ஏ320 ஒன்று 75 லட்சம் ரூபாய்க்கு ஏலம் போய், இறக்கை வேறு வால் வேறாகக் கழற்றப்பட்டு, ஹைதராபாத்துக்குக் கிளம்பியிருந்தது. சவறாப் பாலம் வழிவிடவில்லை. அதே மாதம், கேரளத்திலிருந்து ஹைதராபாத் போன பழைய விமான உடல் ஒன்று ஆந்திரத்தில் பாபட்லா மாவட்டத்துக் கொரிசபாடு பக்கம் சாலைச் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டது. ஊர்ச்சனம் கூடி ஃபோனில் படம் எடுத்தது. ஏ320இன் உடல் மட்டுமே நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். டிரெய்லரின் உயரத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வழியைத் தேர்ந்திருக்கலாம்.

நான் இருப்பது எல்லைக்கு இந்தப் பக்கம், பாறசாலையில். அந்தப் பக்கம் மார்த்தாண்டத்திலிருக்கும் அக்கா மகன் அந்த வீடியோவைக் காட்டிக் கேட்டான்: "மாமா, பாத்தா நல்லாத்தான இருக்கு? பின்ன எதுக்கு விக்காவ?"

நியாயமான கேள்வி. முப்பது வயதுதான். பெயின்ட் கூட பெரிதாக உதிரவில்லை. புது ஏ320 ஒன்றின் பட்டியல் விலை 2018இல் பத்து கோடி டாலருக்கு மேல். அப்படிப்பட்ட பொருளை ஏன் ஒருநாள் 75 லட்சத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்? இதற்கு விடை தெரிந்தால், உலகம் முழுக்க சிலர் ஏன் ஒரு பழைய விமானத்தின் கடைசிப் பயணத்துக்கு டிக்கெட் எடுத்துக் கண்டம் தாண்டிப் போகிறார்கள் என்பதும் பாதி புரிந்துவிடும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். விமானத்தின் வயதை வருடத்தில் சொல்வது நம் வசதிக்கு. துறைக்காரர்கள் மூன்று எண்களைப் பார்ப்பார்கள்: பிறந்து எத்தனை வருடம், எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை முறை ஏறி இறங்கியது. இந்த மூன்றாவதைத்தான் 'சைக்கிள்' என்பார்கள். ஒரு முறை மேலே ஏறி ஒரு முறை கீழே இறங்கினால் ஒரு சைக்கிள். திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்குப் போனாலும் ஒன்று, டெல்லியிலிருந்து நியூயார்க் போனாலும் ஒன்றுதான்.

ஏன் அப்படி? பத்து, பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் வெளிக்காற்று மூச்சுவிடப் போதாது. அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். வெளியே குறைந்த அழுத்தம், உள்ளே கூடுதல் அழுத்தம். உயரப் பறக்கும்போது விமானச் சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் உள்ளிருந்து ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்த அலுமினியத் தகடு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கனம்தான். மேலே போகையில் உடல் கண்ணுக்குத் தெரியாத அளவு உப்பும், இறங்குகையில் சுருங்கும். ஒரு கம்பியை எடுத்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் முதல் இருபது தடவை ஒன்றும் ஆகாது, பிறகு பொசுக்கென்று ஒடியும் அல்லவா, அதே சங்கதி. உலோகச் சோர்வு என்று இதற்குப் பெயர்.

இதை உலகம் கற்றுக்கொண்டது லேசான விலை கொடுத்து இல்லை. உலகின் முதல் பயணிகள் ஜெட்டான பிரிட்டனின் காமெட், 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவையைத் தொடங்கியது. 1954 ஜனவரியில் ஒன்று இத்தாலியின் எல்பா தீவருகே வானத்திலேயே சிதறியது. ஏப்ரலில் நேப்பிள்ஸ் பக்கம் இன்னொன்று. காரணம் பிடிபடவில்லை. கடைசியில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கி, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றியும் இறக்கியும், நாளெல்லாம் பறப்பது போல நடிக்க வைத்தார்கள். அது ஏற்கெனவே பறந்தவையும் தொட்டியில் பட்டவையும் சேர்த்து 3,057 சைக்கிளில் உடல் கிழிந்தது. இன்றைக்கு ஒரு ஏ320ஐ வடிவமைக்கும்போது ஆரம்பத்திலேயே வைத்த இலக்கு 48,000 ஏற்ற இறக்கம். காமெட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று இந்த இரண்டு எண்களே சொல்லும்.

இன்னொரு சம்பவத்தை நம்மைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1988 ஏப்ரல் 28, ஹவாய் தீவுகள். அலோஹா ஏர்லைன்ஸின் போயிங் 737-200 ஒன்று 24,000 அடி உயரத்தில் பறக்கையில் முன்பக்கக் கூரை பெரிய துண்டாகப் பிய்ந்து போனது. பயணிகள் சீட் பெல்ட்டோடு திறந்த வானத்துக்கடியில் உட்கார்ந்திருந்தார்கள். விமானப் பணிப்பெண் ஒருவர் தூக்கி வீசப்பட்டு இறந்தார். மற்ற எல்லாரும் உயிரோடு தரையிறங்கினார்கள். அதை இறக்கிய விமானிகளை எவ்வளவு பாராட்டினாலும் தகும். விமானத்துக்கு வயது 19. ஆனால் சைக்கிள் 89,680. தீவுக்குத் தீவு தாவுகிற குட்டிப் பயணங்கள், ஒன்று சராசரியாக அரை மணி நேரம்கூட இல்லை. மேலே ஏறியதும் இறங்க வேண்டியதுதான். அதோடு ஈரமும் உப்பும் கலந்த கடற்காற்று. தகடுகளை ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், அரிப்பு உள்ளே புகுந்து, ரிவெட் வரிசையில் சின்னச் சின்ன விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்துவிட்டன.

திருவனந்தபுரம் ஓடுதளத்தின் பக்கத்திலேயே சங்குமுகம் கடற்கரை. அங்கே ஒரு மிதிவண்டியை வெளியே விட்டால் ஒரு மழைக்காலத்தில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட காற்றில் வருடக்கணக்கில் நின்ற விமானம் வெளியே பளபளவென்று இருந்தாலும், திறந்து பார்க்காமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் மொஹாவி, விக்டர்வில், ஸ்பெயினில் டெருவெல், ஆஸ்திரேலியாவில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓய்வுபெற்ற விமானங்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடங்கள் எல்லாம் பாலைவனமாகவோ வறண்ட பூமியாகவோ இருப்பது இதனால்தான். ஈரம் இல்லை, அதனால் அரிப்பு மெதுவாக வரும். தரையும் கெட்டி, பெரிய விமானத்தை நிறுத்தத் தனியாகக் கான்கிரீட் போட வேண்டிய அவசியம் அதிகமில்லை.

இதே தர்க்கத்தைத் திருப்பிப் போட்டால் இன்னொரு புதிர் அவிழும். 1930களில் பிறந்த டகோட்டா, அதாவது டிசி-3, இன்னும் அங்கங்கே பறக்கிறது. 2018இல் பிரிட்டனிலிருந்து தானே பறந்து வந்து நம் விமானப்படையில் சேர்ந்த 'பரசுராமா' டகோட்டாவைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதை மீட்டெடுத்துப் பரிசளித்தவர் ராஜீவ் சந்திரசேகர். கடலிலிருந்து கேரளத்தை மீட்டதாகக் கதை சொல்லப்படுபவரின் பெயரை வைத்ததும் பொருத்தம்தான். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானம் எப்படி இன்னும் பறக்கிறது? அது உயரே போவதில்லை, உள்ளே காற்றை அழுத்தி நிரப்புவதில்லை. உப்பிச் சுருங்கும் வேலையே இல்லாததால், பராமரிப்பவர் கை நன்றாக இருந்தால் அதன் உடல் நம் தாத்தா வயதைத் தாண்டும்.

இவ்வளவும் சொன்னபிறகு ஓர் உண்மை: பெரும்பாலான விமானங்கள் சைக்கிள் தீர்ந்து ஓய்வு பெறுவதில்லை. அந்த எல்லையைத் தொடுவதற்கு முன்பே, பறக்கும் திறன் நன்றாக இருக்கும்போதே, கணக்குப்பிள்ளை அவற்றை இறக்கிவிடுகிறார்.

எப்படி என்றால், விமானத்துக்குப் பரிசோதனை அட்டவணை ஒன்று உண்டு. ஏ-செக் அடிக்கடி வரும், ஓர் இரவில் முடிந்துவிடும். சி-செக் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை. விமானம் சில வாரம் கொட்டகையில் நிற்கும். பெரியது டி-செக். ஆறிலிருந்து பன்னிரண்டு வருடத்துக்குள் ஒருமுறை. இருக்கை, கழிப்பறை, சுவர்ப்பலகை, தரை எல்லாவற்றையும் பிடுங்கி, பெயின்டைக்கூடச் சுரண்டி, எலும்புக்கூடு வரை திறந்து பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான ஆள்மணி வேலை. பெரிய விமானமென்றால் கோடிக்கணக்கில் பில் வரும். திறந்த பிறகுதான் எங்கே அரிப்பு, எங்கே விரிசல் என்று தெரியும் என்பதால், மதிப்பீட்டுக்கும் கடைசிப் பில்லுக்கும் சம்பந்தம் இருக்க வேண்டுமென்று இல்லை.

ஒரு நிறுவனம் தன் பழைய விமானத்தைப் பற்றி முடிவெடுக்கும் நேரம் பெரும்பாலும் இதுதான். அடுத்த டி-செக் நெருங்குகிறது. அவ்வளவு பணம் போட்டு இன்னும் ஐந்தாறு வருடம் ஓட்டலாமா, இல்லை இப்போதே நிறுத்திவிடலாமா? அதே நேரம் இன்னொரு சங்கதியும் தராசில் ஏறும். விமானத்தின் விலைமதிப்பில் பெரும்பங்கு எஞ்சினில்தான் இருக்கிறது. எஞ்சினுக்குள் சுழலும் வட்டுகளுக்கு, இத்தனை சைக்கிள் வரை என்று கண்டிப்பான ஆயுள் உண்டு. அதைத் தாண்டி ஒரு முறைகூட ஓட்டக் கூடாது. ஆகவே, ஆயுள் மிச்சமிருக்கும் எஞ்சின் உள்ள விமானம் உயிரோடு பறப்பதைவிடப் பிரித்து விற்றால் அதிகம் தரும் நாள் ஒன்று வருகிறது. இறங்கு சக்கரங்கள், கணினிப் பெட்டிகள், துணை மின்யூனிட் என எல்லாவற்றுக்கும் சந்தை உண்டு. கடைசியில் மிஞ்சும் வெறும் ஓடுதான் காயலான் கடைக்கோ, எங்கள் ஊர்ப் பேச்சில் ஆக்ரிக்கடைக்கோ போகிறது. சவறாவில் சாலையை அடைத்தது அப்படி ஓர் ஓடு. 75 லட்சம் ஏன் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வயது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஏ380 நல்ல சாட்சி. உலகத்திலேயே பெரிய பயணிகள் விமானம் அது. 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் சேவைக்கு வந்தது. முதன்முதலில் பயணிகளை ஏற்றிய அந்த விமானமே, குத்தகை முடிந்து திரும்பியபின் வாங்க ஆளில்லாமல், பிரான்ஸின் டார்ப் நகரில் பிரித்து விற்கப்பட்டது. பத்துப் பதினோரு வயது. மொத்தம் 251 கட்டிவிட்டு 2021 டிசம்பரில் உற்பத்தியே நின்றது.

ஏ380க்கும், அதற்கு முன்னோடியான ஜம்போவுக்கும், அதாவது போயிங் 747க்கும், ஒரே நோய்: எஞ்சின் நான்கு. ஒரு காலத்தில் அது பலம். இரண்டு எஞ்சின் விமானம், ஒன்று நின்றுபோனாலும் ஒரு மணி நேரத்துக்குள் எட்டக்கூடிய விமான நிலையம் இருக்கும் பாதையில்தான் பறக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1953இலிருந்து விதி. அட்லாண்டிக், பசிபிக் மேல் அப்படி எங்கே போவது? அதனால் கடலைத் தாண்ட மூன்று அல்லது நான்கு எஞ்சின் வேண்டியிருந்தது. டிசி-10, டிரைஸ்டார் என்று வாலில் ஒரு எஞ்சினைச் சொருகிய மூன்று எஞ்சின் விமானங்கள் பிறந்ததில் இந்த விதிக்கும் பங்கு உண்டு. பிறகு எஞ்சின்கள் நம்பகமாகிவிட்டன. 1985இல் இரண்டு எஞ்சின் போயிங் 767க்கு இரண்டு மணி நேர தூரம் வரை அனுமதி கிடைத்தது. சில வருடத்தில் அது மூன்று மணி நேரமானது. அன்றே ஜம்போவின் தலையெழுத்து எழுதப்பட்டுவிட்டது என்பேன். போயிங் 747-400 மணிக்குச் சுமார் பத்து டன் எரிபொருள் குடிக்கும். இரண்டு எஞ்சின் 777-300ஈஆர், கிட்டத்தட்ட அதே அளவு ஆட்களோடு ஏழரை எட்டு டன்னில் முடித்துவிடும். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் இந்த இரண்டு டன் வித்தியாசம் முதலாளியின் தூக்கத்தைக் கெடுக்கும்.

சத்தமும் சிலவற்றைக் கொன்றது. 727, பழைய 737-200 போன்றவை புறப்பட்டால் பக்கத்து ஊர் ஜன்னலெல்லாம் நடுங்கும். அமெரிக்கா 1999 முடிவோடும் ஐரோப்பா 2002இலும் அந்தச் சத்தக்காரர்களுக்குக் கதவைச் சாத்தின. ஆள்கூலியும் உண்டு: 707, டிசி-10, ஆரம்பகால ஜம்போக்களில் விமானிகள் இருவருக்குப் பின்னால் ஃபிளைட் என்ஜினியர் ஒருவர் பக்கவாட்டில் ஒரு சுவர் நிறைய டயல்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கணினி வந்ததும் அந்த நாற்காலி காலியானது.

இவையெல்லாம் மெதுவாக நடந்துகொண்டிருந்தபோது 2020 வந்தது. கொரோனாவில் விமானங்கள் தரையில் நிற்க, ஒத்திப்போட்டிருந்த முடிவுகளை எல்லாரும் ஒரே மூச்சில் எடுத்தார்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன்னிடமிருந்த 31 ஜம்போக்களையும் ஜூலையில் ஒரேயடியாக நிறுத்தியது. அதே மாதம் 22ஆம் தேதி குவாண்டாஸின் கடைசி ஜம்போ சிட்னியிலிருந்து கிளம்பி, கடலுக்கு மேல் வளைந்து வளைந்து பறந்து, கண்காணிப்புச் செயலியின் திரையில் ஒரு கங்காருவை வரைந்துவிட்டுப் போனது. கணக்குப்பிள்ளை இதற்கு எப்படிச் சம்மதித்தாரோ.

இந்த இடத்தில்தான் ஆர்வலர்கள் வருகிறார்கள்.

விமானப் பிரியர், ஸ்பாட்டர் என்று சொல்லப்படுபவரை வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். வேலியோரம் நிற்பார். கையில் பைனாகுலரோ நீளமான லென்ஸோ இருக்கும். ஒரு விமானம் வரும், குறித்துக்கொள்வார், அடுத்ததற்குக் காத்திருப்பார். அவர் குறிப்பது பதிவெண்ணை. இந்திய விமானங்களுக்கு விடி என்று தொடங்கி மூன்று எழுத்து வரும். நமக்கு எல்லா ஏ320உம் ஒன்று. அவருக்கு ஒவ்வொன்றும் தனி ஆள். எந்த வருடம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எத்தனை முதலாளி மாறியது, எப்போது பெயின்ட் மாற்றியது, இப்போது எங்கே நிற்கிறது என்று ஜாதகமே வைத்திருப்பார். 'ஒரு ரகம் ஓய்வு பெறுகிறது' என்று செய்தி வந்தால் மற்றவர்களுக்கு அது ஒரு வரி. அவருக்கோ தான் குறித்துவைத்த ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வருவது.

எங்கள் பகுதியில் இதைப் புரிய வைக்க எனக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. குமரி மாவட்டத்திலும் தென் கேரளத்திலும் வளைகுடா தொடாத குடும்பம் குறைவு. ஏர் இந்தியாவின் ஏ310இல் முதல் பயணம் போனவர்கள் இன்றும் அதன் பெயரைச் சொல்கிறார்கள். 1990இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது, ஜோர்டானின் அம்மானிலிருந்து 488 விமானப் பயணங்களில் 1,11,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களில் நம் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். எங்கள் தெருவில் ஓர் அண்ணனிடம் ஜம்போ என்று சொன்னால் போதும், "அது வண்டி இல்ல தம்பி, வீடு" என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் பதிவெண் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் அவரும் ஒருவகை ஆர்வலர் என்றே நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

கடைசிப் பயணம் என்றால் இந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு 2014 பிப்ரவரியைப் பார்க்கலாம். டிசி-10 பயணிகள் சேவையில் மிஞ்சியிருந்தது உலகத்திலேயே ஒரே இடத்தில்தான்: வங்கதேசத்தின் பிமான் நிறுவனத்தில். பிப்ரவரி 20 அன்று டாக்காவிலிருந்து குவைத் வழியாக பர்மிங்காமுக்குக் கடைசிப் பயணம். அதில் உட்காருவதற்கென்றே பல நாட்டிலிருந்தும் ஆட்கள் டாக்காவுக்குப் பறந்து போனார்கள். பர்மிங்காமில் பிறகு மூன்று நாள், போய்ச்சேர ஊர் ஏதும் இல்லாமல், சும்மா ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்தில் இறக்கும் பயணங்களை விற்றார்கள். கூட்டம் வந்தது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் பேச்சு நடந்து கைகூடவில்லை. விமானம் டாக்கா திரும்பி உடைபட்டது.

கான்கார்டு இந்த விஷயத்தில் அதிர்ஷ்டசாலி. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பயணிகளை ஏற்றிப்போன விமானம். 2003 அக்டோபர் 24 அன்று கடைசிப் பயணிகள் சேவை. கட்டியதே 20தான் என்பதால் பெரும்பாலானவை பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஜெர்மனி, பார்படாஸ் என்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. ஜம்போவுக்கு அந்த வாய்ப்பு குறைவு. 1,574 கட்டினால் யார் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது? கே.எல்.எம்.மின் ஒரு ஜம்போ மட்டும் 2019இல் ஆம்ஸ்டர்டாம் அருகே ஒரு ஹோட்டல் தோட்டத்துக்குப் போய் அமர்ந்தது. வயல் வழியாக இழுத்துப் போனார்கள். சவறா போல மாட்டவில்லை. மற்றவை உடைபடும். உடைத்த தகட்டைச் சின்னத் துண்டாக வெட்டி, பதிவெண் பொறித்து, சாவிக்கொத்தாக விற்பதும் இப்போது ஒரு தொழில்.

நம் ஜம்போவின் முடிவும் அப்படித்தான். ஏர் இந்தியா முதல் ஜம்போவை 1971இல் வாங்கியது. 'எம்பரர் அசோகா' என்று பெயர். கோழிக்கோடு கரிப்பூரில், குன்றின் மேல் மேசை போல அமைந்த ஓடுதளத்தில்கூட ஏர் இந்தியா 747-400 இறங்கி ஏறியிருக்கிறது. 2015இல் ஓடுதள வேலைக்காகப் பெரிய விமானங்களை நிறுத்தும்வரை. கடைசியாக 2024 ஏப்ரல் 22 அன்று விடி-ஈவிஏ, 'ஆக்ரா' என்று பெயர் கொண்டது, மும்பையிலிருந்து அமெரிக்காவின் பிளெயின்ஃபீல்டுக்குப் பயணிகள் இல்லாமல் கிளம்பியது. ஓடுதளத்தைவிட்டு எழும்பியதும் விமானி இடமும் வலமும் சாய்த்து இறக்கையை ஆட்டிக் காட்டினார். அங்கே போய்ப் பாகங்களாகப் பிரிக்கத்தான் போகிறது என்று ஊருக்கே தெரியும். அந்த வீடியோவை எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டாம். பிரதமர்களையும் குடியரசுத் தலைவர்களையும் சுமந்த குடும்பம் அது. அருங்காட்சியகத்துக்கு ஒன்றையாவது ஒதுக்கியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

ஜம்போவைவிட என் மனதுக்கு நெருக்கமானது வேறொன்று. இந்தியன் ஏர்லைன்ஸ் 1989இலிருந்து வாங்கிய முதல் தொகுதி ஏ320களைக் கூர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பின்பக்க ஒவ்வொரு காலிலும் இரண்டு சக்கரத்துக்குப் பதில் நான்கு. நம் ஊர் ஓடுதளங்கள் பல அப்போது அவ்வளவு பலமில்லை. எடையைப் பரப்பி இறக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தனியாகச் செய்து வாங்கியது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கில் ஏ320 பறந்தாலும் இந்த நான்கு சக்கரக் கால் நம் விமானங்களின் அடையாளமாகவே இருந்தது. வெளிநாட்டு ஆர்வலர்கள் அதைப் பார்க்க இந்தியா வந்ததுண்டு. நாம் அதில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தோம், குனிந்து பார்க்கவில்லை. இப்போது பார்க்க அவை இல்லை.

தொடங்க நினைப்பவர்களுக்கு இங்கே வசதி அதிகம். சங்குமுகம் கடற்கரையில் மணலில் உட்கார்ந்தே விமானம் பார்க்கலாம். தலைக்கு மேல் போகும். விமானக் கண்காணிப்புச் செயலி ஃபோனில் இருந்தால் எது வருகிறது, எந்தப் பதிவெண், எத்தனை வயது என்று முன்பே தெரிந்துவிடும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு நாளில் மட்டும் போகாதீர்கள், அல்லது அதற்காகவே போங்கள்: அன்று சாயங்காலம் சில மணி நேரம் விமானங்களை நிறுத்திவிட்டு, ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்து கடலுக்குப் போகும். உலகத்தில் வேறெங்கும் ஒரு ஸ்பாட்டர் இதைச் சொல்லிப் பெருமைப்பட முடியாது.

கேமராவில் மட்டும் கவனம். நம் விமான நிலையங்கள் பலவற்றில் விமானப்படையும் பக்கத்திலேயே இருக்கிறது, திருவனந்தபுரமும் அப்படி. அனுமதியில்லாமல் வளாகத்துக்குள் படமெடுத்தால் கேள்வி வரும். வெளிநாட்டில்கூட இது சும்மா விஷயமில்லை: 2001இல் கிரீஸின் களமாட்டாவில் ஒரு விமானப்படைத் தளத்தில் நின்று குறித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் 14 பேரை உளவாளி என்று பிடித்து வழக்குப் போட்டார்கள், தண்டனையும் வந்து, மேல்முறையீட்டில்தான் விடுபட்டார்கள். நோட்டும் பேனாவும் ஒருவரைச் சிறைவரை கொண்டுபோகும் என்று அவர்கள் வீட்டில் யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். காவலர் வந்து கேட்டால் செயலியைக் காட்டி விளக்குங்கள். எழுந்து போகச் சொன்னால் போய்விடுங்கள்.

எதைப் பார்ப்பது? பயணிகள் ஜம்போவை லுஃப்தான்ஸா, கொரியன் ஏர் போன்ற சிலர் இன்னும் ஓட்டுகிறார்கள். சரக்கு ஜம்போ சென்னைக்கு வருவதுண்டு. எமிரேட்ஸின் ஏ380 2022 முதல் பெங்களூருக்கு வருகிறது. ஆனால் அக்கா மகனுக்கு நான் சொன்னது வேறு. சங்குமுகத்தில் தினமும் வருகிற சாதாரண ஏ320ஐப் பார். புது 'நியோ' ரகத்தின் எஞ்சின் வாய் கண்ணுக்குத் தெரியும் அளவு அகலம். இறக்கை நுனி மேல்நோக்கி உயரமாக வளைந்திருக்கும். எஞ்சின் ஒல்லியாக இருந்து, இறக்கை நுனியில் மேலும் கீழுமாகச் சின்ன முக்கோணத் தகடு நின்றால் அது பழைய ரகம். பட்டியலில் அடுத்துப் போகப்போவது அதுதான். அவன் இப்போது நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறான்: பதிவெண், தேதி, நுனியில் முக்கோணம் உண்டா இல்லையா.